நடைபாதை கேட்பது பிச்சையல்ல!

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். இது மத்திய சர்க்காரே வெளியிட்ட கணக்கு. இவர்களில் 32,825 பேர் நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள். 4,836 பேர் சைக்கிளில் போனவர்கள். தமிழ்நாட்டில் அந்த ஓர் ஆண்டில் சாலையில் மடிந்தவர்கள் 17,884 பேர்.

32,825 என்றால் என்ன அர்த்தம்? தினம் ஏறத்தாழ 90 பேர், நடந்த குற்றத்துக்காக உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். வேலைக்குப் போனவர், மார்க்கெட்டுக்குப் போனவர், பஸ் பிடிக்க ரோட்டைக் கடந்தவர், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை - இவர்கள்தான் அந்த 90 பேர். இவர்கள் எவரையும் கொல்லும் வேகத்தில் போனவர்களல்ல.

1956 நவம்பரில் அரியலூரில் ரயில் கவிழ்ந்தது. பொறுப்பேற்று ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமா செய்தார். ரயில் கவிழ்ந்தால் நாடு கேள்வி கேட்கிறது. நடைபாதை இல்லாத தெருவில் தினம் தினம் ஜனங்கள் அடிபட்டுச் சாகும்போது யார் யாரைக் கேள்வி கேட்கிறார்கள்? "விதி" என்கிறோம். "பார்த்துப் போயிருக்கக் கூடாதா?" என்று செத்தவர் மீதே பழியைப் போடுகிறோம். இந்த மனப்பான்மை இருக்கும்வரை நிலைமை மாறாது.

சாலை யாருக்கு?

சென்னைப் பெருநகரில் 2008இல் போக்குவரத்துக் கணக்கு எடுத்தார்கள். மக்கள் செய்த பயணங்களில் கால்பங்குக்கும் சற்று மேல் நடை. இன்னொரு கால்பங்கு பஸ். கார்ப் பயணம் நூற்றுக்குப் பத்துகூட இல்லை. ஆனால் சாலையில் இடம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது? மூன்று கார் நிற்கும் இடத்தில் ஒரு பஸ் நிற்கும். அந்த மூன்று காரிலும் சேர்த்து நாலைந்து பேர் இருப்பார்கள். பஸ்ஸிலோ அறுபது பேர். இருந்தும் மேம்பாலம் எழும்புவது காருக்காக. நடைபாதையை வெட்டிச் சாலையை அகலப்படுத்துவது காருக்காக. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். நடப்பவர்கள் சாக்கடை மூடி மீது கால் வைத்து, அது தாங்குமா தாங்காதா என்று பார்த்துப் பார்த்து நடக்கிறார்கள்.

சர்க்காருக்கு இது தெரியாததல்ல. 2014இல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை நிறைவேற்றியது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது நூற்றுக்கு 60 பங்கை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிட வேண்டும் என்று அது சொன்னது. நல்ல கொள்கைதான், மறுக்கவில்லை. சில பெரிய சாலைகளில் நல்ல நடைபாதைகள் வந்தன. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். ஆனால் அந்தக் கொள்கை நம் வார்டை எட்டியதா, நம் தெருவை எட்டியதா என்று வாசற்படி இறங்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஏன் எட்டவில்லை? காகிதத்தில் இருப்பதைத் தெருவுக்கு இழுத்து வர தெருவில் ஆள் இல்லை. அதுதான் காரணம். மேம்பாலம் கேட்க காண்ட்ராக்டர் இருக்கிறார். கார் நிறுத்த இடம் கேட்க கார்காரர் இருக்கிறார். நடப்பவர்களுக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்? நடப்பவர்களேதான் கேட்க வேண்டும்.

மக்கள் கேட்டால் நடக்குமா?

நடக்கும். நடந்திருக்கிறது.

ஹாலந்து தேசத்தை இன்று சைக்கிள் நாடு என்கிறார்கள். அது பிறவியிலேயே அப்படி இருந்ததல்ல. யுத்தத்துக்குப் பின் அங்கும் கார் பெருகியது, தெருக்களை அகலப்படுத்தினார்கள், சைக்கிள் ஒதுக்கப்பட்டது. 1971இல் அந்தச் சிறிய நாட்டில் சாலையில் மாண்டவர்கள் 3,000க்கும் மேல். அவர்களில் 400க்கும் அதிகமானவர்கள் குழந்தைகள். மகளை விபத்தில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர், "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று எழுதினார். அந்த வாசகமே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. ஆம்ஸ்டர்டாமில் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த டெ பைப் பேட்டையில், விளையாட இடம் கேட்டுப் பிள்ளைகளே கிளம்பினார்கள். தெருவை மறித்தார்கள். பெற்றோர்கள் கூட நின்றார்கள். 1976இல் குடியிருப்புத் தெருக்களில் நடப்பவருக்கே முதல் உரிமை என்ற ஏற்பாடு அங்கே சட்டத்தில் இடம்பெற்றது. அதைக் கொண்டுவந்தது தெருவில் இறங்கிய மக்களின் நெருக்குதல்.

"அது வெள்ளைக்காரன் ஊர்" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்குப் புதுக்கோட்டையைக் காட்டுகிறோம்.

1991இல் அந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுத்தார். எழுத்தோடு சைக்கிளும் கற்பது என்று இயக்கம் முடிவு செய்தது. கல்குவாரியில் உழைத்த பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், நர்ஸுகள் - சில வருஷங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஏளனம் செய்தவர்கள் உண்டு. அசிங்கமாகப் பேசியவர்களும் உண்டு. பெண்கள் பொருட்படுத்தவில்லை. கடைகளில் பெண்கள் சைக்கிள் போதாமல் போனபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்க அது வசதி என்றார்கள்! எப்போது வருமென்று தெரியாத பஸ்ஸுக்காகக் காத்துக் கிடந்த நேரம் மிச்சமாயிற்று. அண்ணன் தம்பியையோ கணவனையோ எதிர்பார்த்து நிற்கும் நிலை போயிற்று. கலெக்டர் உத்தரவு மட்டும் போட்டிருந்தால் இது நடந்திருக்குமா? ஓட்டத் தெரிந்த பெண் தெரியாத பெண்ணுக்குப் பின்னால் ஓடிப் பிடித்துக் கற்றுக்கொடுத்ததால் நடந்தது.

"பகுதி மக்கள்" யார்?

இங்கே ஒரு விஷயத்தில் நாம் உஷாராக இருக்க வேண்டும். "பகுதி மக்களின் ஒத்துழைப்பு" என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். எந்தப் பகுதி மக்கள்? பல இடங்களில் சொந்த வீட்டுக்காரர்கள் நாலு பேர் கூடி, தாங்கள்தான் பகுதி என்கிறார்கள். அங்கே வாடகைக்கு இருப்பவருக்குக் குரல் இல்லை. பாத்திரம் துலக்க இரண்டு கிலோமீட்டர் நடந்து வரும் அம்மாவுக்குக் குரல் இல்லை. தள்ளுவண்டிக்காரருக்கு நிச்சயமாக இல்லை. முதல் கூட்டத்தின் முதல் தீர்மானமே "நடைபாதைக் கடைகளை அகற்று" என்பதாக இருக்கும். வீட்டு வாசலில் நடைபாதையை அடைத்து நிற்கும் சொந்தக் கார் அவர்கள் கண்ணுக்குப் படாது!

நடைபாதை வியாபாரி நடப்பவருக்கு எதிரியா? இல்லை. அவரிடம் வாங்குபவர் யார்? நடந்து போகிறவர், பஸ்ஸுக்கு நிற்கிறவர். இரவில் அவர் கடை விளக்கு எரிவதால்தான் எத்தனையோ பெண்கள் அந்தத் தெருவில் தைரியமாகப் போகிறார்கள். அவருக்கும் இடம் வேண்டும், நடக்கவும் இடம் வேண்டும். 2014இல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தெரு வியாபாரிகள் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. நகர விற்பனைக் கமிட்டியில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். கணக்கெடுத்து சர்டிபிகேட் கொடுத்து முடியும்வரை யாரையும் அகற்றக் கூடாது. 2025 மே 14 அன்று சுப்ரீம் கோர்ட்டு, தடையில்லாத நடைபாதை உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லியிருக்கிறது. இந்தத் தீர்ப்பைக் காட்டி ஏழை வியாபாரியை மட்டும் விரட்டப் பார்ப்பார்கள். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. இரண்டு உரிமையும் உழைப்பாளி மக்களின் உரிமைதான். சேர்த்தே கேட்க வேண்டும்.

பஸ் வராத இடத்தில் இலவசம் எதற்கு?

கூவம், அடையாறு கரைகளிலிருந்து குடிசைவாசிகளைப் பெயர்த்து, 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரில் குடியேற்றினார்கள். பிறகு பெரும்பாக்கம். வீடு நகரத்தின் ஓரத்துக்குப் போயிற்று; வேலை நகரத்தின் நடுவிலேயே நின்றது. இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு பஸ் என்பது சௌகரியமல்ல, சோற்றுப் பிரச்னை. விடியற்காலை பஸ் தவறினால் வேலை வீட்டில் வசவு. இரண்டு நாள் தவறினால் வேலையே போய்விடும்.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாப் பயணம் வந்தது. வரவேற்க வேண்டிய காரியம். உழைக்கும் பெண்ணின் கையில் மாதம் சில நூறு ரூபாய் மிஞ்சுகிறது. ஆனால் அந்தச் சாதாரண பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை நடை வருகிறது, ஸ்டாப்பில் நிற்கிறதா என்பதில்தான் அந்தச் சலுகையின் உயிர் இருக்கிறது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய் மதிப்பிட்டு 118.9 கிலோமீட்டர் பாதைக்குத் திட்டம் போட்டார்கள். ரயில் வரட்டும், நல்லதே. ஆனால் ஸ்டேஷன் வரை நடந்து போக வழி இருக்கிறதா, அங்கே சேர்க்க பஸ் இருக்கிறதா என்று கேட்க வேண்டாமா?

என்ன செய்வது?

அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று அமலுக்கு வந்தது. பெரிய நகரங்களில் வார்டு கமிட்டி வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் ஏரியா சபைகளுக்கு விதிகள் வந்தது 2022இல். இருபத்தொன்பது வருஷம்! 2022 நவம்பர் 1 அன்று சபைகள் கூடின. இந்தச் சபை வெறும் போட்டோ பிடிக்கும் கூட்டமாகப் போவதும், மக்களின் ஆயுதமாவதும் நம் கையில் இருக்கிறது. வெறுங்கையோடு போனால் "ஆவன செய்கிறோம்" என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான். கணக்கோடு போக வேண்டும்.

தெருவுக்கு ஐந்து பேர் போதும். அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். வாடகைக்காரர் ஒருவர், வியாபாரி ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்.

முதலாவதாக, ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நடங்கள். குடியிருப்புப் பகுதியில் தடையின்றி நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும், நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது இந்திய சாலைக் காங்கிரஸ் 2012இல் வகுத்த விதி. முழங்கால் உயரத்துக்குக் கட்டிவிட்டு, கிழவர்கள் ஏன் ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள் என்று கேட்பது அநியாயம்! டிரான்ஸ்பார்மர் எங்கே மறிக்கிறது, மூடியில்லாத சாக்கடை எங்கே, விளக்கு எரியாத கம்பம் எது, எல்லாவற்றையும் எழுதுங்கள்.

இரண்டாவதாக, ஒரு வாரம் காலை 5 மணி முதல் 9 மணி வரை பஸ் ஸ்டாப்பில் முறை வைத்து உட்காருங்கள். எத்தனை மணிக்கு எந்த பஸ் வந்தது, நின்றதா, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள் என்று குறியுங்கள். டிரைவர், கண்டக்டர் தொழிலாளர்களுடன் பேசுங்கள். பஸ் ஏன் தாமதமாகிறது, டிப்போவில் எத்தனை வண்டி ஓட ஆளில்லாமல் நிற்கிறது என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. பிரயாணிக்கும் கண்டக்டருக்கும் சண்டை மூட்டிவிட்டு மேலே இருப்பவர்கள் தப்பித்துக்கொள்ள விடக் கூடாது.

மூன்றாவதாக, பள்ளிக்கூட வாசலைப் பாருங்கள். சர்க்கார் கொடுத்த சைக்கிளில் பிள்ளைகள் பயமின்றி வந்து போக முடிகிறதா? இல்லையென்றால் அங்கே வேகத்தடை, கடக்கும் கோடு, காவல் ஆகியவை முதல் கோரிக்கையாகட்டும்.

இந்தக் கணக்கை ஏரியா சபையில் வாசியுங்கள். மினிட்ஸில் எழுதும்வரை எழுந்து வராதீர்கள். கவுன்சிலரிடம் நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். மூன்று மாதத்தில் நடக்கவில்லை என்றால் அடுத்த சபைக்கு ஐந்து பேரல்ல, ஐம்பது பேராகப் போங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தெருவில் கூடும் உரிமை நமக்கு உண்டு.

இதெல்லாம் சிறிய விஷயம் என்று நம்மிலேயே சிலர் நினைக்கலாம். தினம் 90 உயிர் சிறிய விஷயமல்ல. பெரிய போராட்டங்களுக்குத் திரளும் மக்கள், தங்கள் வாசலில் ஒரு சாக்கடை மூடியைப் போட வைத்த நாளில்தான் தங்கள் பலத்தை முதலில் கண்டுகொள்கிறார்கள். நம் வரிப் பணத்தில் போட்ட சாலையில் உயிரோடு நடந்து வீடு திரும்புவது உரிமை. அதைக் கேட்டு வாங்க ஒவ்வொரு தெருவிலும் ஐந்து பேர் இந்த வாரமே புறப்படட்டும்!