‘ஃபிட்னஸ்’ உள்ளூரிலேயே கிடைக்கட்டும்

குடலிறக்க அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது, படுக்கையும் கிடைத்துவிட்டது. முந்தின நாள் மாலை மயக்கவியல் மருத்துவர் வந்து பார்க்கிறார். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருக்கிறது, ஹீமோகுளோபின் எட்டு. “இப்போது முடியாது, சரிசெய்துகொண்டு வாருங்கள்” என்று அனுப்பிவிடுகிறார். அவர் செய்தது சரியே. ஆனால் அந்தச் சர்க்கரையும் ரத்தசோகையும் ஒரே இரவில் வந்தவை அல்ல. உள்ளூர் மருத்துவர் நினைத்திருந்தால் ஆறு வாரம் முன்பே கண்டுபிடித்துச் சரிசெய்யத் தொடங்கியிருக்கலாம். அந்த வேலையை யாரும் அவரிடம் ஒப்படைக்கவில்லை. அதற்கு அவரைப் பழக்கவும் இல்லை.

குடும்ப மருத்துவர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் அறுவைக்கு முந்தைய மதிப்பீட்டில் முறையான பயிற்சி கொடுத்து, அந்தப் பொறுப்பைத் தமிழக அரசு அவர்களிடம் தர வேண்டும்.

முந்தின நாள் பரிசோதனை ஆபத்தைக் கண்டுபிடிக்கும். அதைக் குறைக்க அதற்கு நேரம் இல்லை. இரும்புச்சத்து மாத்திரை ரத்தத்தில் பலன் காட்ட வாரங்கள் ஆகும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பப்பை அறுவைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த வயதுப் பெண்களிலிருந்தே வருகிறார்கள். புகைப்பழக்கத்தை நான்கு வாரமாவது முன்பே நிறுத்தினால்தான் நுரையீரலுக்கும் தையல் ஆறுவதற்கும் உருப்படியான பலன் உண்டு.

மாத்திரை விஷயம் இன்னும் சிக்கலானது. சர்க்கரைக்கான டாபாக்ளிஃப்ளோசின் 2020இல் காப்புரிமை முடிந்ததும் மலிவாகி, சிற்றூர் மருந்துக்கடை வரை வந்துவிட்டது. அறுவைக்கு மூன்று நாள் முன்பே இதை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால், பட்டினி கிடக்கும் உடலில் கீட்டோன் அமிலம் சேரக்கூடும். அப்போதுகூட ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமல் இருக்கலாம் என்பதால், விரலில் குத்திப் பார்க்கும் கருவியை நம்பி இந்த ஆபத்தைப் பிடிக்க முடியாது. இன்னொரு பக்கம், “வெறும் வயிற்றோடு வா” என்ற பேச்சைக் கேட்டு, திடீரென நிறுத்தவே கூடாத இதய மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எதை நிறுத்துவது, எதை ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்குவது என்று சொல்லத் தகுந்தவர், அந்தச் சீட்டை எழுதிய மருத்துவர்தான். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் 2021இல் தொடங்கியதிலிருந்து யார் வீட்டுக்கு என்ன மாத்திரை போகிறது என்ற பதிவும் ஊரிலேயே இருக்கிறது.

பயிற்சி பெற்றவருக்கு எதை எழுத வேண்டாம் என்பதும் தெரியும். கண்புரை அறுவைகள் 19,000க்கு மேல் ஆராய்ந்து 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, எல்லாருக்கும் வழக்கமாக எடுக்கும் பரிசோதனைகளால் பாதுகாப்பு கூடவில்லை என்று காட்டியது. இங்கே இன்றும் நல்ல திடத்தோடு இருப்பவரைக்கூட ‘கார்டியோ ஃபிட்னஸ்’ சான்று வாங்கி வா என்று எக்கோ எடுக்க அலையவிடுகிறோம். மூச்சு வாங்காமல் இரண்டு மாடி ஏற முடிகிறதா என்று பொறுமையாகக் கேட்பது பல நேரங்களில் அதைவிடப் பயன் தரும்.

இது நிபுணர் வேலை, இதில் பொது மருத்துவருக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். அறுவை அரங்கில் இறுதி முடிவு மயக்கவியல் நிபுணருடையதுதான். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் அவசரப் பிரசவ அறுவைகளுக்கு மயக்க மருந்தே கொடுக்க, எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு 18 வாரப் பயிற்சி தந்து அவர்களை நம்பிய நாடு இது. மயக்கம் கொடுக்க நம்பலாம், முன்கூட்டியே பார்த்துச் சொல்ல நம்பக் கூடாது என்பது பொருந்தாத வாதம்.

வேலைப்பளு பற்றிய கவலை உண்மையானது. புறநோயாளிக் கூட்டத்தில் திணறும் மருத்துவரிடம் ஒரு சுற்றறிக்கையும் ஒரு படிவமும் நீட்டினால் எதுவும் நடக்காது. வாரத்தில் ஒரு பிற்பகலை இதற்கென்று ஒதுக்க வேண்டும். பயிற்சியும் அரங்கச் சொற்பொழிவாக முடியக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரியின் மயக்கவியல் பிரிவில் நிபுணரின் பக்கத்தில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்க வேண்டும். ஊர் திரும்பிய பின் சந்தேகம் வந்தால் அதே நிபுணரைத் தொலைபேசியில் கேட்க வழி இருக்க வேண்டும். வேலையில் இருக்கும் மருத்துவர்களுக்கு, கிளினிக்கை மூடாமலேயே குடும்ப மருத்துவம் கற்பிக்க முடியும் என்பதை வேலூர் சி.எம்.சி.யின் தொலைநிலைப் படிப்பு ஏற்கெனவே காட்டியிருக்கிறது.

தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் தனியார் குடும்ப மருத்துவரும் இதற்குள் வர வேண்டும். அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டு, எழுதிக் கொடுக்கும் வேலையை இலவசமாகச் செய்யச் சொல்வது நியாயமல்ல. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அறுவைக்கும் படுக்கைக்கும் பணம் தருகிறது. அதன் சிகிச்சைத் தொகுப்புகளை அடுத்து திருத்தும்போது, திட்டமிட்ட ஒவ்வோர் அறுவைக்கும் உள்ளூர் மருத்துவரின் முன்மதிப்பீட்டுக் கட்டணத்தைத் தனி இனமாகச் சேர்க்க வேண்டும்.