சர்வர் வெளிநாட்டில், வரி யார் தலையில்?

பாரிஸ் லா சப்பலில், மாணிக்க விநாயகர் ஆலயம் அமைந்துள்ள ரூ பஜோல் வீதியில் புடவைக் கடை வைத்திருப்பவர் ஒருவர் இணையத்திலும் விற்பனையைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரது இணையத்தளம் இயங்கும் சர்வர் கணினி வெளிநாட்டில் இருந்தால், அந்த வருமானத்துக்கு பிரான்ஸில் வரி கட்டத் தேவையில்லையா?

தேவைதான். பொருளைத் தெரிவு செய்வதும் விலை வைப்பதும் பொதி கட்டி அனுப்புவதும் ரூ பஜோலில் நடக்கும்வரை, இலாபம் பிரான்ஸிலேயே வரிக்குரியது. மதிப்புக் கூட்டு வரியோ பொருள் போய்ச் சேரும் நாட்டைப் பொறுத்தது. ஏனைய ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் நுகர்வோருக்கு ஆண்டுக்கு 10,000 யூரோக்களுக்கு மேல் விற்றால், வாங்குபவரின் நாட்டு விகிதமே பொருந்தும் என்ற விதி 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சர்வர், தமிழர் பலர் வாழும் லா கூர்னேவின் தரவு மையத்தில் இருந்தாலும் அமெரிக்காவில் இருந்தாலும் கணக்கு ஒன்றே.

அப்படியானால் சர்வரின் இருப்பிடம் யாருக்குப் பயன்பட்டது? பெரிய நிறுவனங்களுக்கு. ஒரு நாட்டில் 'நிரந்தர நிலையம்' இருந்தால்தான் வெளிநாட்டு நிறுவனத்தின் இலாபத்துக்கு அந்நாடு வரி விதிக்க முடியும் என்பது சர்வதேச வரி ஒப்பந்தங்களின் அடிப்படை. வெறும் இணையத்தளம் அத்தகைய நிலையம் ஆகாது, நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள சர்வர் ஆகலாம் என ஓ.ஈ.சி.டி. அமைப்பு 2000-ஆம் ஆண்டின் இறுதியில் விளக்கமளித்தது. இதில் இந்தியா உடன்படவில்லை. இணையத்தளமே சில சூழல்களில் நிலையமாகலாம் என்பது அதன் வாதம்.

இந்த விளக்கத்தின் விளைவு கூகுள் வழக்கில் வெளிப்பட்டது. 2005 முதல் 2010 வரையிலான காலத்துக்கு கூகுளின் அயர்லாந்து நிறுவனத்திடம் பிரெஞ்சு வரித்துறை 111.5 கோடி யூரோக்களைக் கோரியது. விளம்பரச் சேவையைத் தானே வழங்குவதற்கான ஆள்பலமோ தொழில்நுட்ப வசதியோ கூகுளின் பிரெஞ்சுக் கிளையிடம் இல்லை என்று கூறி, 2017 ஜூலையில் பாரிஸ் நிர்வாக நீதிமன்றம் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீடும் தோற்றது. ஆயினும் 2019 செப்டம்பரில், அபராதமும் வரியுமாகச் சுமார் 96.5 கோடி யூரோக்களைச் செலுத்த கூகுள் இணங்கியது.

உண்மையான திருப்பம் 2020 டிசம்பரில் வந்தது. வேல்யூகிளிக் குழுமத்தின் அயர்லாந்து நிறுவனம் தொடர்பான வழக்கில், பிரான்ஸின் உச்ச நிர்வாக நீதிமன்றமான கொன்செய் தெத்தா, தரவு மையங்கள் நாட்டுக்கு வெளியே இருந்தபோதிலும் பிரான்ஸில் நிரந்தர நிலையம் உண்டு என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தங்களைப் பிரான்ஸில் இருந்த ஊழியர்களே முடிவு செய்தனர். அயர்லாந்தின் கையொப்பம் வெறும் சடங்காகவே இருந்தது. இயந்திரத்தை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்த்த தீர்ப்பு இது.

நீதிமன்றங்களுக்குக் காத்திராமல் பிரான்ஸ் 2019 ஜூலையில் பெரும் இணைய நிறுவனங்களின் பிரெஞ்சு வருவாய் மீது 3 சதவீத வரியை விதித்தது. உலகளவில் 75 கோடி யூரோக்களுக்கும் பிரான்ஸில் 2.5 கோடி யூரோக்களுக்கும் மேற்பட்ட வருவாய் உள்ளவற்றுக்கே இது பொருந்தும். ஆனால் அமேசான் அதே ஆண்டில், பிரெஞ்சு விற்பனையாளர்களிடம் பெறும் கட்டணத்தை 3 சதவீதம் உயர்த்துவதாக அறிவித்தது. கூகுள் 2021 மே முதல் பிரான்ஸில் காட்டப்படும் விளம்பரங்களுக்கு 2 சதவீதம் கூடுதலாக அறவிடத் தொடங்கியது. ரூ பஜோல் கடைக்காரர் விளம்பரம் செய்திருந்தால், கூகுளுக்கான வரியில் ஒரு பங்கு அவரது பற்றுச்சீட்டிலும் ஏறியிருக்கும்.

இந்தியாவிலும் இதே கதைதான். கூகுளுக்கும் யாகூவுக்கும் விளம்பரத்துக்காகச் சுமார் 30 லட்சம் ரூபாய் செலுத்திய கொல்கத்தாவின் ரைட் புளோரிஸ்ட்ஸ் என்ற பூ வணிக நிறுவனம், அதில் வரியைப் பிடித்தம் செய்யவில்லை என்று கூறி அச்செலவையே வருமானவரித்துறை ஏற்க மறுத்தது. சர்வர்கள் இந்தியாவில் இல்லை, எனவே நிரந்தர நிலையமும் இல்லை என 2013-ல் வருமானவரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பூ வணிகருக்குச் சார்பாக முடிவு செய்தது. 2016-ல் இந்தியா 6 சதவீத சமன்படுத்தும் வரியைக் கொண்டுவந்தபோது, அதைப் பிடித்தம் செய்து கட்டும் பொறுப்பு விளம்பரம் கொடுத்தவரிடமே விடப்பட்டது. அவ்வரி 2025 ஏப்ரல் முதல் தேதியுடன் நீக்கப்பட்டது.