ஆயிரம் ரூபாயும் ஒரு நாள் விடுப்பும்

பட்டப்படிப்பில் சேராமலே உயர்கல்விப் பாடம் ஒன்றை மட்டும் தேர்ந்து படிக்கலாம் என்பது சேலம், நாமக்கல் தொழிலாளர் பலருக்கு இன்னும் எட்டாத செய்தி. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் என்ற இணையவழிப் பாடங்களில் யாரும் இலவசமாகச் சேரலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெறத்தான் கட்டணம். அதுவும் பாடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில்தான்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையைப் பாருங்கள். ஈரமேறிய ராடால் வைத்த வெல்டிங் பின்னால் விரிசல் விடும் என்பது அனுபவசாலியின் கைக்குத் தெரியும். உள்ளே புகும் ஹைட்ரஜன்தான் காரணம் என்பதைச் சொல்ல ஒரு பாடம் வேண்டும். கோழித்தீவன ஆலையிலும் நூற்பாலையிலும் இதே கதைதான்.

அமெரிக்காவில் ஊழியரின் படிப்புக்கு முதலாளி தரும் தொகையில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வருமான வரி கிடையாது. இங்கே அவ்வளவு கேட்கவில்லை. தேர்வுக் கட்டணத்தை நிறுவனம் ஏற்கட்டும். தேர்வன்று சம்பளத்தோடு விடுப்பு தரட்டும். அந்த வாரம் இரவு ஷிப்ட் போடாமல் இருக்கட்டும். பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் இருப்பது மெய்யான தடை. அதற்கு உள்ளூர் பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் வாரம் ஒரு மாலை ஒதுக்கினால் போதும்.

‘படித்தால் வேறு இடம் போய்விடுவான்’ என்கிறார்கள் முதலாளிகள். படிக்காதவர்கள் மட்டும் போகாமலா இருக்கிறார்கள்? திருப்பூர் பேருந்தில் ஏறிப் பார்க்கட்டும்.