கைம்பெண்ணின் காணியும் ஆறு மாதக் கெடுவும்

கணவன் மாண்டபின் மனைவிக்கு எஞ்சுவது என்ன? திருகோணமலை மாவட்டத்தில் இவ்வினாவுக்கு ஒரே விடை இல்லை. பட்டினத்துத் துறைமுகத் தெருவில் ஒரு விடை. கந்தளாயிலும் அல்லையிலும் முற்றிலும் வேறொரு விடை!

உறுதிக் காணியாயின் சட்டம் தெளிவானது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மரணசாசனம் எழுதாது இறந்தவரின் ஆதனத்திற் சரிபாதியை எஞ்சிய வாழ்க்கைத் துணைக்கு அளிக்கிறது. முஸ்லிம் சகோதரருக்கு அவர்தம் சட்டம் உண்டு. வடக்கிலிருந்து வந்தேறிய குடும்பமாயின் தேசவழமையும் உடன்வரும். அந்தத் தேடியதேட்டக் கணக்கை இங்கு விரிக்க இடமில்லை.

அரசு வழங்கிய அனுமதிப்பத்திரக் காணியின் கதையோ வேறு. அதனை ஆள்வது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். காணி துண்டாடப்படலாகாது, ஒருவரே வாரிசாதல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த ஒருவரைத் தேர்ந்த முறையைப் பாருங்கள்: மகன் முதலில், மகள் பின்னால்; பேரன் முதலில், பேர்த்தி பின்னால். இந்த ஆண் முதன்மையை நீக்கப் பாராளுமன்றத்திற்கு 2022 வரை, அதாவது 87 ஆண்டுகள், வேண்டியிருந்தன!

வாரிசாகப் பெயர் குறிக்கப்படாத மனைவிக்கோ அச்சட்டம் வாழ்நாள் அனுபவத்தையே எழுதிவைத்தது. விற்க முடியாது, தனக்குப்பின் யாரென்று குறிக்கவும் முடியாது, மறுமணம் செய்தால் காணி கைமாறும். கணவனோடு காடு வெட்டி, வரம்பு கட்டி, யானைக்குக் காவலிருந்தவள் குத்தகைக்காரியிலும் கீழானாள். சட்டத்தின் எழுத்து இருபாலாருக்கும் பொதுவென்று சிலர் வாதிப்பர். பத்திரத்தை ‘குடும்பத் தலைவன்’ பெயரிலேயே எழுதும் கச்சேரி வழக்கத்தின் முன் அவ்வாதம் எத்தனை காசு பெறும்?

இவற்றினுங் கொடியது 68ஆம் பிரிவு. அனுமதிப்பத்திரக்காரன் இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துள் மனைவி காணியிற் புகுந்து ஆட்சி கொள்ளாவிடின் அவள் வாரிசுரிமை தவறும் என்கிறது அது. சமாதான காலத்துக் குடியேற்றத் திட்டத்துக்கு இது பொருந்தலாம். சம்பூருக்குப் பொருந்துமா?

2006இல் மூதூர் கிழக்கு மக்கள் ஊர்விட்டு ஓடினர். 2007 மே மாதத்தில் அப்பகுதி அதியுயர் பாதுகாப்பு வலயமென்று வர்த்தமானியில் வெளிவந்தது. பின்னர் கைத்தொழிலுக்கென எடுத்த 818 ஏக்கர் மக்களுக்கு விடுபட்டது 2015 மே மாதத்தில். இடையில் ஒன்பது ஆண்டுகள்! கிளிவெட்டி முகாமில் ஒருவன் கண்மூடியிருப்பின், அவன் மனைவி ஆறு மாதத்துள் எதிற் புகுவது? முட்கம்பியிலா? நுழையவிடாது காவல் நின்றதும் அரசு. நுழையவில்லையே என்று கேட்கவல்லதும் அரசு!

இந்நிலையைப் பாராளுமன்றம் அறியாததன்று. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை யுத்தத்தால் உரிமை கோர இயலாதோருக்கு எதிராக ஆட்சிக்காலத்தைக் கணக்கிடலாகாது என்றது. நன்று. ஆயின் அது காலாவதிச் சட்டத்துக்கான நிவாரணம். ஆறு மாதக் கெடுவை அது தொடவில்லை. மேலும், சம்பூரின் வேலி 2009 மே மாதத்தோடு வீழ்ந்துவிடவுமில்லை.

கணவன் காணாமற்போன பெண்ணின் நிலை என்ன? எந்த நாளிலிருந்து ஆறு மாதத்தை எண்ணுவது? 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி மரணச் சான்றிதழ் பெறலாம் என்கின்றனர். உயிரோடிருப்பான் என நம்பித் தேடுகிறவளிடம், காணி வேண்டுமாயின் அவன் செத்தானென்று கையொப்பமிடு என்பதா? 2016இல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஏற்படுத்தப்பட்டது. அதனைக் காணிக் கந்தோர் ஏற்றுக் கணவன் காணியை அவள் பெயரிற் பதிய வேண்டும்.

கமக்காரர் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றட்டும்: அனுமதிப்பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்படல் வேண்டும், இடம்பெயர்ந்த காலம் ஆறு மாதத்துட் சேரலாகாது, மறுமணம் உரிமையைப் பறிக்கலாகாது. மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினரிடம் அதனை நேரிற் கொடுத்து, எழுத்தில் விடை கேளுங்கள். அதுவரை, பத்திரம் வைத்திருக்கும் கமக்காரர் ஒவ்வொருவரும் பிரதேச செயலகம் சென்று, மனைவியின் பெயரை வாரிசாகக் குறித்துப் பதிவு செய்துகொள்க. அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டா.