ஒரே தராசில் இரண்டு கோதுமை

பஞ்சாபில் அக்டோபர் கடைசியில் தொடங்கும் கோதுமை விதைப்பு நவம்பருக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அறுவடை ஏப்ரலில், வைசாகித் திருநாளை ஒட்டி வரும். குளிரை நம்பிய பயிர் இது; மார்ச்சில் கதிர் பால் பிடித்து மணி முற்றும் வரை அந்தக் குளிர் நீடிக்க வேண்டும். 2022 மார்ச்சில் அது நீடிக்கவில்லை. 1901-க்குப் பின் நாடு கண்ட மிக வெப்பமான மார்ச் அது. மணி திரளும் முன்பே பயிர் பழுத்தது. கதிரைக் கையில் கசக்கி ஊதினால், உமி பறந்த பின் உள்ளங்கையில் சூம்பிய மணிகளே மிஞ்சின. சுருங்கிய மணி 6 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்குவதில்லை என்ற கொள்முதல் விதியை மத்திய அரசு அந்த ஆண்டு 18 சதவீதம் வரை தளர்த்த வேண்டியிருந்தது. மே 13 அன்று ஏற்றுமதிக்கும் தடை வந்தது. உக்ரைன் போரால் ஏறிய விலையை நம்பி விற்காமல் வைத்திருந்தவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டது.

இத்தனை அடிகளுக்கு இடையிலும் பஞ்சாப் விவசாயி கோதுமையை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம், மண்டியில் அரசின் ஆதரவு விலை உறுதியாகக் கிடைப்பதுதான். 2025-26 கொள்முதல் பருவத்தில் குவிண்டாலுக்கு 2,425 ரூபாய். பஞ்சாபின் சிறு விவசாயிக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. ஆனால் ரசாயனம் இல்லாமல் விளைவித்த கோதுமைக்கு அங்கே தனி அம்பாரமும் இல்லை, தனி விலையும் இல்லை. இரண்டும் ஒரே தராசில் ஏறுகின்றன.

இந்த இரண்டு கோதுமைக்கும் பின்னால் இருக்கும் உழைப்பு ஒன்றல்ல. ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ தழைச்சத்து என்பது அங்குள்ள பரிந்துரை. மானிய விலை யூரியாவில் இரண்டரை மூட்டையில் அது கிடைத்துவிடும். தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீத அளவுதான். அதே சத்துக்குப் பத்து டன் எரு வேண்டும். டிராக்டர் வந்து உழவு மாடு மறைந்த ஊர்களில் அவ்வளவு எருவுக்கு எங்கே போவது? கிடைத்தாலும், டிசம்பர் குளிரில் மண்ணின் நுண்ணுயிர்கள் மந்தமாகத்தான் வேலை செய்யும். பயிர் கேட்கும் நேரத்தில் சத்து வந்து சேராது.

அடுத்தது களை. கோதுமை வயலில் முளைக்கும் ஒரு புல்லை அங்கே 'குல்லி டண்டா' என்பார்கள். இளம் பருவத்தில் அச்சு அசலாகக் கோதுமை போலவே இருக்கும். குனிந்து மண்ணை ஒட்டிய தண்டைப் பார்த்தால்தான் அடியில் ஓடும் செந்நிறம் அதைக் காட்டிக்கொடுக்கும். 1990-களிலேயே களைக்கொல்லிக்கு அடங்காமல் போன களை இது. இயற்கை விவசாயி அதை ஆள் வைத்துத்தான் பிடுங்க வேண்டும். கூலிச் செலவு அங்கேதான் ஏறுகிறது.

இயற்கை விளைபொருள் என்ற சான்றிதழ் பெற, ஆண்டுப் பயிர் நிலம் பொதுவாக 2 ஆண்டு மாற்றக் காலத்தைக் கடக்க வேண்டும். விளைச்சல் மிகவும் சரிவது அந்தக் காலத்தில்தான்; விற்பதோ சாதாரண விலைக்கு. ஆண்டுக்கு ஆண்டு கைமாறும் குத்தகை நிலத்தில் இதை எண்ணிப் பார்க்கவே முடியாது. பக்கத்து வயலில் தெளிக்கும் மருந்து காற்றில் வந்து படிந்தால் அந்தக் கேடும் இயற்கை விவசாயியின் தலையில்தான். 2015-ல் வந்த பரம்பராகத் கிருஷி விகாஸ் திட்டம், தொடக்கத்தில் ஹெக்டேருக்கு 3 ஆண்டுகளில் 50,000 ரூபாய் என்று ஒதுக்கியது. மாறும் காலத்துக்கு அது உதவும். விளைந்ததை யார் வாங்குவார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நகரத்து வாடிக்கையாளர்களுக்கு நேரடியாக விற்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல விலையும் பெறுகிறார்கள். ஆனால் அவர்கள் மூட்டைகளை மாதக்கணக்கில் வீட்டிலேயே காக்க வேண்டும். வண்டுக்கு நச்சு மாத்திரை வைக்க முடியாது. வெயிலில் உலர்த்துவதும் வேப்பிலை போடுவதும்தான் வழி. மழைக்காலம் தொடங்கினால் அதுவும் போதாது. அரசுக் கொள்முதல் பெரும்பாலும் மே மாதத்தோடு முடிந்துவிடும். அதற்குள் மண்டிக்குக் கொண்டுபோனால் எல்லோருக்கும் உள்ள விலை. தாண்டினால் வியாபாரி சொல்வதே விலை. மாவட்டத்துக்கு ஒரு மண்டியிலாவது தனிக் களமும், அங்கேயே நச்சு எச்சப் பரிசோதனையும், ஆதரவு விலைக்கு மேல் ஓர் ஊக்கத்தொகையும் அமைந்தால், இந்த மூட்டைகள் ஏப்ரலிலேயே தங்களுக்குரிய விலைக்குப் போய்ச் சேரும்.