மீட்டர் தேறியது, கணக்கு தவறியது

மின்காந்த இணக்கம் என்பது ஒரு மின்கருவி தன் சுற்றுப்புறத்தில் தடுமாறாமல் வேலை செய்வதும், பக்கத்துக் கருவிகளின் வேலையைக் கெடுக்காமல் இருப்பதும் சேர்ந்த தன்மை. தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக ஈஎம்சி என்பார்கள். மிக்ஸி ஓடும்போது பழைய தூர்தர்ஷன் படத்தில் புள்ளிகள் சிதறியதும், மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரைத் திருகியபோது மத்திய அலை வானொலி இரைந்ததும் வீடுகளில் கண்ட உதாரணங்கள். ஒவ்வொன்றிலும் தொல்லை பிறக்கும் இடம், அது பரவும் வழி, அதற்குப் பலியாகும் கருவி என மூன்று உண்டு. மிக்ஸியில் கார்பன் பிரஷ்ஷுக்கும் சுழலும் கம்யூடேட்டருக்கும் நடுவே தெறிக்கும் பொறி பிறப்பிடம்; வயரிங்கும் காற்றும் வழி; டிவி பலி. மூன்றில் ஒன்றை அறுத்தால் தொல்லை தீரும். எதை அறுப்பது, அந்தச் செலவை யார் ஏற்பது என்று கேட்கும்போது பொறியியலோடு பொதுக்கொள்கையும் வந்து சேர்கிறது.

இந்தத் துறையில் சட்டமும் விதியும் முன்னே வந்தன, கல்வி பின்னே வந்தது. வானொலி ஒலிபரப்பைக் குறுக்கீட்டிலிருந்து காக்க 1934 இல் பாரிஸில் சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு கூடியது. எவ்வளவு இரைச்சல் அனுமதிக்கத்தக்கது, அதை எப்படி அளப்பது என்பதற்கான வரம்புகள் பெரும்பாலும் இன்றும் அந்தக் குழுவில்தான் வகுக்கப்படுகின்றன. வீட்டுக் கணினிகள் அண்டை வீட்டு டிவிகளைக் கெடுக்கத் தொடங்கியதும் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1979 இல் கணினிகளுக்கும் வரம்பு கட்டியது. அந்த வரம்புக்குள் வர முடியாத டிஆர்எஸ்-80 கணினியின் முதல் மாடல் 1981 இல் அங்கே விற்பனையிலிருந்து விலகியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1996 ஜனவரி 1 முதல் ஈஎம்சி விதிக்கு இணங்காத கருவியைச் சந்தைக்குக் கொண்டுவர முடியாது என்றானது.

இவ்வளவு சட்டங்களுக்கு இடையிலும் பொறியியல் கல்லூரிகளில் ஈஎம்சி தனிப் பாடமாக இடம்பிடிக்கத் தாமதமாயிற்று. மின்சுற்றுப் பாடநூலில் கம்பி என்பது இரண்டு உறுப்புகளை இணைக்கும் கோடு மட்டுமே. உண்மையில் ஒவ்வொரு கம்பியும் கொஞ்சம் தூண்டுச்சுருள், கொஞ்சம் ஆன்டெனா. ‘எர்த்’ என்று வரைபடத்தில் போடும் குறிக்குள் மின்னோட்டம் மறைந்துவிடுவதில்லை. அது திரும்பிப் போகும் பாதையில்தான் பாதித் தொல்லை பிறக்கிறது. பெல் ஆய்வகத்தின் ஹென்றி ஆட் 1976 இல் இதைத் தொழில்முறைப் பொறியாளர்களுக்குப் புத்தகமாக எழுதினார். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கிளேட்டன் பால் 1992 இல் வெளியிட்ட நூல் இதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. மிசூரி மாநிலத்தின் ரோலா நகரப் பல்கலைக்கழகத்தில், சர்க்யூட் போர்டின் எந்த இடத்திலிருந்து இரைச்சல் கசிகிறது என்பதை முன்கூட்டியே கணக்கிடும் ஆய்வுகள் வளர்ந்தன. அனுபவசாலிகளின் கைவாகு என்று கருதப்பட்டதைச் சமன்பாடாக மாற்றியது இவர்களின் பங்களிப்பு.

துறைக்குள் வாய்வழியாகப் பரவும் கதைகளையும் ஆராய்ச்சிதான் சலிக்க வேண்டும். 1967 ஜூலை 29 அன்று அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான ஃபாரஸ்டாலில் ஒரு ராக்கெட் தானாகப் பாய்ந்து 134 பேர் இறந்தனர். ரேடார் கதிர்தான் அதைத் தூண்டியது என்று ஈஎம்சி பாடங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. கடற்படை விசாரணையோ, விமானத்தை வெளி மின்சாரத்திலிருந்து உள் மின்சாரத்துக்கு மாற்றியபோது ஏற்பட்ட திடீர் மின்னெழுச்சியைத்தான் காரணமாகக் கண்டது. பாடத்துக்குப் பொருத்தமான கதை என்பதாலேயே அது உண்மையாகிவிடாது.

கல்வியாளரின் வேலை எங்கே தொடங்குகிறது என்பதை நெதர்லாந்தின் மின்மீட்டர் விவகாரம் காட்டுகிறது. சக்கரம் சுழலும் பழைய மீட்டர்களின் இடத்தை எலக்ட்ரானிக் மீட்டர்கள் பிடித்த பிறகு, பில் ஏறிவிட்டது என்ற புகார்கள் அங்கு எழுந்தன. ட்வென்டே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் லெஃபெரிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2004 முதல் 2014 வரை தயாரான ஒன்பது மீட்டர்களை ஒரே இணைப்பில் மாட்டி, சிஎஃப்எல், எல்இடி பல்புகள், ஹீட்டர்கள், வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர்கள் ஆகியவற்றைக் கலந்து இயக்கிப் பார்த்தார்கள். சில மீட்டர்கள் உண்மையான செலவைவிட 582 சதவீதம் வரை கூடுதலாகவும், சில 32 சதவீதம் வரை குறைவாகவும் காட்டின. ஒன்பதும் சட்டப்படியான எல்லாச் சோதனைகளிலும் தேறியவை.

காரணம் மீட்டருக்குள் மின்னோட்டத்தை உணரும் உறுப்பில் இருந்தது. கூடுதலாகக் காட்டியவற்றில் ரொகோவ்ஸ்கி சுருள் இருந்தது. குறைத்துக் காட்டியவற்றில் ஹால் உணரி. ரொகோவ்ஸ்கி சுருள் மின்னோட்டத்தின் அளவை நேரடியாகச் சொல்வதில்லை. மின்னோட்டம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அதற்கேற்ற மின்னழுத்தத்தைத் தருகிறது. அதைத் தொகுத்துப் பார்த்துத்தான் மீட்டர் மின்னோட்டத்தைக் கண்டுகொள்கிறது. சைன் வளைவாக ஏறி இறங்கும் மின்னோட்டத்துக்கு இது மிகச் சரியான முறை. டிம்மர் செய்வதோ வேறு. ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ஓரளவு தூரம் வரை மின்சாரத்தை மறித்துவைத்துச் சட்டென்று திறந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் மின்னோட்டம் செங்குத்தாக எழும்ப, சுருளின் மின்னழுத்தமும் எகிறுகிறது. அடுத்துள்ள சுற்று அதைக் கையாளத் திணறினால், தொகுத்த தொகை பொய்யாகிறது.

விதிமுறைகளில் ஏன் இது சிக்கவில்லை? 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் நாற்பதாவது மடங்கு, அதாவது 2 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு தரவரையறை பார்த்துக்கொண்டது. வானொலியைக் காக்கும் வரம்புகள் பெரும்பாலான கருவிகளுக்கு 150 கிலோஹெர்ட்ஸிலிருந்து தொடங்கின. இரண்டுக்கும் நடுவே கேட்பாரற்ற பரப்பு. சூரியசக்தி இன்வெர்ட்டர்களும் எல்இடி டிரைவர்களும் இரைச்சலைக் கொட்டுவது பெரும்பாலும் அங்கேதான். ஐரோப்பியத் தர அமைப்பான செனலெக் 2012 லேயே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. 2014 இல் அந்த இடைவெளிக்கான சர்வதேசச் சோதனை முறையும் வந்தது. ஆனால் அதற்குள் பல மீட்டர்கள் சுவரில் ஏறிவிட்டன. புதிய சோதனையும் சீரான அலைவடிவங்களை மையமாகக் கொண்டது. டிம்மர் தரும் கூர்மையான துடிப்பு அதன் கணக்கில் இல்லை.

ஆய்வகத்தில் அடுக்கிய கருவிகள் சாதாரண வீட்டைப் போன்றவை அல்ல என்று மின்விநியோக நிறுவனங்கள் மறுத்தன. மறுப்பில் நியாயம் உண்டு. பெரும்பாலான வீடுகளில் டிம்மருக்குப் பின்னால் வரிசையாகப் பல்புகளை மாட்டிவைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அதே ஆய்வுக்குழு அடுத்து எடுத்தது, கடையில் கிடைக்கும் வேக மாற்றி கொண்ட ஒரு தண்ணீர் பம்ப். குறைந்த வேகத்தில் அது ஓடியபோது பிழை இன்னும் பெரிதாகியது. மறுப்புக்கு அதைவிடத் தெளிவான பதில் தேவைப்படவில்லை. 2018 இல் நெதர்லாந்தின் தேசிய அளவியல் நிறுவனம் தலைமையேற்க, பல நாட்டு அளவியல் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஐரோப்பிய நிதியில் ஓர் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கின. வீடுகளில் உண்மையில் பாயும் மின்னோட்ட வடிவங்களைப் பதிவுசெய்து, அவற்றையே சோதனைக்குப் பயன்படுத்துவது அதன் நோக்கம்.

இதில் ஒரு நெருடல் இருக்கிறது. தரவரையறைக் குழுக்களில் உட்காருபவர்களில் பெரும்பாலோர் தயாரிப்பாளர்களின் பொறியாளர்கள். ஏனென்றால் ஆண்டுக்குப் பலமுறை வெளிநாடு சென்று கூட்டங்களில் அமரும் செலவை ஏற்கக்கூடியவர்கள் அவர்கள்தான். திறமையிலோ நேர்மையிலோ குறையில்லை; ஆனால் தன் நிறுவனத்தின் மீட்டரை எப்படியெல்லாம் தோற்கடிக்கலாம் என்று ஆராய எவருக்கும் சம்பளம் கொடுக்கப்படுவதில்லை. அதை ஆராயும் வசதி பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது. அங்கும் ஆய்வகங்கள் நிறுவனங்களின் சந்தா நிதியில் இயங்கும்போது, அந்த வசதி சுருங்கும் அபாயம் உண்டு. ட்வென்டே குழுவினர் தங்கள் முடிவை மீட்டரின் பெயரைச் சொல்லாமலேயே வெளியிட்டாலும், கேட்க வேண்டியவர்கள் கேட்கும்படி வெளியிட்டார்கள் என்பது பாராட்டத்தக்கது.

இந்தியாவில் 2021 இல் ஒப்புதல் பெற்ற மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டம் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்த இலக்கு வைத்தது. நெதர்லாந்தில் கண்ட பிழை இங்குள்ள மீட்டர்களிலும் இருக்கும் என்று கருதக் காரணமில்லை. மின்னோட்டத்தை உணரும் முறை வேறாக இருந்தால் விளைவும் வேறாகும். ஆனால் மீட்டரின் இந்தப் பக்கம், வீட்டுக்குள், நிலைமை வேகமாக மாறுகிறது: எல்இடி பல்பு, பிஎல்டிசி விசிறி, இன்வெர்ட்டர் ஏசி, மாடியில் சோலார் பலகை, ஸ்கூட்டர் சார்ஜர். சைன் வளைவான மின்னோட்டம் எடுக்கும் கருவிகள் வீட்டில் குறைந்துகொண்டே வருகின்றன. சென்னை தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையத்தில் ஈஎம்சி சோதனைக்கூடங்கள் உண்டு. உயர் மின்னழுத்த ஆய்வில் பெயர் பெற்ற துறை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உண்டு. தமிழக வீடுகளில் ஒரு நாள் முழுக்கப் பாயும் மின்னோட்டத்தின் வடிவத்தைப் பதிவுசெய்து, அதையே மீட்டர் மாதிரிகளுக்கு ஊட்டி, அருகில் ஒரு பழைய சக்கர மீட்டரையும் மாட்டி ஒப்பிடுவது அத்தகைய ஓர் ஆய்வகத்துக்கு எட்டக்கூடிய வேலை. முடிவை மின்வாரியமும் நுகர்வோரும் ஒரே நாளில் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையை நிதி தரும்போதே விதித்துவிடலாம்.