வானம் வடசென்னைக்கும் சொந்தம்!

"பகலெல்லாம் புகை. இரவெல்லாம் விளக்கு. இங்கே எங்கே நட்சத்திரம் தெரியப் போகிறது?"

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பலர் இப்படிச் சொல்வது உண்டு. சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி தவறு.

துறைமுக விளக்கு, ஆலை விளக்கு, தெரு விளக்கு எல்லாம் தரைக்கு மட்டும் ஒளி தருவதில்லை. ஒரு பங்கு ஒளி மேலே போகிறது. காற்றில் உள்ள தூசியிலும் புகையிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறுகிறது. அதனால் வானம் வெளுத்து, மங்கலான நட்சத்திரங்கள் மறைந்து விடுகின்றன.

ஆனால், எல்லாமே மறைந்து விடவில்லை!

கடல் பக்கம் திரும்பினால்...

வடசென்னைக்குக் கிழக்கே கடல். அங்கே தெருவும் இல்லை, விளக்குக் கம்பமும் இல்லை. டிசம்பர் மாத முன்னிரவில் அந்தப் பக்கம் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக எழுந்து வரும். வேட்டைக்காரன் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புக் கச்சை அது.

பிப்ரவரியில் முன்னிரவில் தெற்கே அகத்திய நட்சத்திரம் தெரியும். இரவு வானத்து நட்சத்திரங்களில் ஒளியில் இரண்டாவது அது. லண்டன்காரர் எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்திருந்தாலும், தம் ஊரில் இருந்து அதைப் பார்க்க முடியாது. ராயபுரத்துச் சிறுவன் வெறும் கண்ணால் பார்த்து விடலாம்!

சாதாரண பைனாகுலர் ஒன்று இருந்தால் சந்திரனின் பள்ளங்கள் தெரியும். வியாழனைச் சுற்றும் நான்கு நிலாக்களும் தெரியும். 1610-ல் கலிலியோ கண்ட அதே நிலாக்கள்! சூரியனை மட்டும் அதன் வழியாகப் பார்க்கவே கூடாது. கண் போய்விடும்.

சோறு போட்ட வானம்

"வயிற்றுப்பாட்டுக்கே நேரம் போதவில்லை. வானம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம்.

கடலோரத்துப் பெரியவர்களிடம் இதற்குப் பதில் இருக்கிறது. இன்றைய கருவிகள் வருமுன், மீனவர்களுக்கு விடிவெள்ளியும் ஆறாமீனும்தான் கடிகாரம், அவைதான் வழிகாட்டி. அந்த வானம் சோறு போட்டது. இன்று படகில் கருவி இருப்பது நல்லதுதான். ஆனால், தாத்தா அறிந்த நட்சத்திரம் பேரனுக்குத் தெரியாமல் போவது நல்லதல்ல.

அன்றே வழி காட்டியவர்

சென்னைக்கு இது புதிதும் அல்ல. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வான ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அங்கே உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றை 1867-ல் அவர் கண்டுபிடித்தார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது.

அவர் தம் அறிவைத் தமக்குள் பூட்டி வைக்கவில்லை. 1874 டிசம்பர் 9-ல் வெள்ளி சூரியனைக் கடந்தது. அதைப் பற்றிச் சாதாரண மக்கள் தெரிந்துகொள்ள முன்கூட்டியே சிறு புத்தகம் எழுதினார். அது இந்திய மொழிகளிலும் வெளியாயிற்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அவரால் முடிந்தது, இன்று நம்மால் முடியாதா?

செய்ய வேண்டியது என்ன?

பெரிய செலவு வேண்டாம். பள்ளியின் மொட்டை மாடி, ஓர் ஆசிரியர், ஒரு பைனாகுலர், மாதம் ஒரு மாலை. இது போதும்.

விளக்குகளுக்கு மேலே மூடி போட வேண்டும். இரவு வேலை செய்யும் தொழிலாளிக்கு வெளிச்சம் அவசியம். அதை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. வானத்துக்குப் போகும் வெளிச்சத்தால் யாருக்கு லாபம்? மின்சாரம்தான் நஷ்டம்!

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். கார்த்திகையில் இருந்து மாசி வரை, நிலா இல்லாத இரவுகளில், ஆறாமீனில் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று எண்ணி நோட்டில் குறித்து வைக்கட்டும். ஆறும் தெரிந்தால் வானம் தெளிவு. மேகம் இல்லாத இரவிலும் இரண்டு மூன்றுதான் தெரிகிறது என்றால், ஒளியும் புகையும் மிஞ்சிவிட்டன என்று பொருள்.

நட்சத்திரத்தை மறைக்கும் புகைதான் குழந்தையின் நெஞ்சுக்குள்ளும் போகிறது. பிள்ளைகள் எழுதும் அந்தக் கணக்கைப் பெரியவர்கள் படித்துப் பார்க்க வேண்டும்.